கரையை உயர்த்தும் முன் ஓடை எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

வணக்கம் நண்பரே. பண்ருட்டிப் பக்கம் சின்ன ஊர், ஐப்பசி பிறந்தாலே ஓடைத் தண்ணீர் கீழத்தெருவுக்குள் வருகிறது, ஊர்ப்பணம் 40,000 ரூபாயில் பொக்லைன் வைத்துக் கரையை உயர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கரை உயர்ந்தால் தண்ணீர் எதிர்க்கரை ஊருக்குள் போகும், அப்புறம் பஞ்சாயத்துதான். கெட்டிக்காத புதுமண்ணும் அடைமழையில் கரைந்துவிடும்.

முதலில் ஓடையோரமாகக் கீழிருந்து மேலே நடந்து பாருங்கள். நாங்களும் வருஷக்கணக்கில் கரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், ரோட்டுக்கு அடியில் போட்ட ஒற்றைக் குழாய்தான் காரணம். ஆகாயத்தாமரையும் கருவேல முள்ளும் அதன் வாயை அடைத்து, தண்ணீர் பின்னுக்கு ஏறியிருக்கிறது. அதைச் சுத்தம் பண்ண நாலு ஆளும் ஒரு நாளும் போதுமாயிருந்தது!

குழாயே சிறிது என்றால் அகலமான சிறுபாலம் கேட்டு ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானம் போடுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். ஓடை யார் பொறுப்பில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

2015 நவம்பரில் உங்கள் பண்ருட்டிப் பக்கத்து விசூர், பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் எப்படித் திடீரென்று வந்தது என்று உங்களுக்கே தெரியும். அதனால் மேல் ஊரில் இரண்டு பேர் நம்பர் வாங்கி வையுங்கள். பாலத்தூணில் அடிக்கணக்கில் பெயிண்ட் கோடு போடுங்கள். எந்தக் கோட்டைத் தொட்டால் கோயில் மைக்கில் சொல்வது, நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்குவது, மாடுகளை யார் அவிழ்ப்பது என்று இப்போதே பேசி முடியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

குழாய் எத்தனை அடி அகலம் என்று அளந்து, போட்டோவோடு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.