மயில்துத்தப் பொட்டலத்தில் தண்ணீர் எங்கே?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தயாரிப்பதற்காக வாங்கிய மயில்துத்தப் (செம்பு சல்பேட்) பொட்டலத்தின் மேல் 'சியூஎஸ்ஓ₄·5எச்₂ஓ' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது? நடுவில் உள்ள புள்ளி எதைக் குறிக்கிறது? கையில் ஈரமே ஒட்டாத படிகத்தில் தண்ணீர் எப்படி இருக்க முடியும்?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: ஆங்கிலப் பெரிய எழுத்து வரும் இடத்திலெல்லாம் ஒரு புதிய தனிமம் தொடங்குகிறது, அதை ஒட்டிச் சிறிய எழுத்து வந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே தனிமத்தைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்யக் கூடாது. பெரிய சி, பெரிய ஓ என்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபால்ட் என்னும் உலோகம். உங்கள் பொட்டலத்தில் உள்ள சியூ செம்பையும், எஸ் கந்தகத்தையும், ஓ ஆக்சிஜனையும், எச் ஹைட்ரஜனையும் குறிக்கின்றன.

கீழே சிறியதாக எழுதப்படும் எண், தனக்கு நேர் முன்னால் உள்ள தனிமத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே 4 என்பது ஆக்சிஜனின் எண்ணிக்கை. எண் எதுவும் இல்லாத செம்பும் கந்தகமும் ஒவ்வொன்றே. போர்டோ கலவையில் நீங்கள் சேர்க்கும் நீற்றிய சுண்ணாம்பை சிஏ(ஓஎச்)₂ என்று எழுதுவார்கள்; சிஏ என்பது கால்சியம். அங்கே அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2, உள்ளே இருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டையும் இரட்டிப்பாக்குகிறது. வாய்பாடுகளை மனப்பாடம் செய்யவைக்கும் பள்ளிகள், படிக்கும் முறையை முதலில் கற்பித்தால் மாணவர்களுக்குப் பாதிச் சுமை குறையும்.

இனிப் புள்ளிக்கு வருவோம். அது தசமப் புள்ளியும் அன்று, பெருக்கல் குறியும் அன்று. ஒரு பங்கு செம்பு சல்பேட்டுடன் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே படிகமாகியிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். அவற்றில் நான்கு செம்போடு நேரடியாகவும், ஐந்தாவது சல்பேட் என்னும் எஸ்ஓ₄ பகுதியோடு ஹைட்ரஜன் பிணைப்பாலும் கட்டுண்டிருப்பதால் கையை நனைப்பதில்லை. பள்ளி ஆய்வகத்தில் இதைச் சூடாக்கிக் காட்டுவார்கள்: நீர் வெளியேற வெளியேற நீலம் வெளுத்து வெண்பொடியாகும், அதில் சில சொட்டு நீர் விட்டால் நீலம் மீண்டும் தோன்றும். மயில்துத்தம் நஞ்சு என்பதால் சமையலறையில் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

இந்தக் குறியீட்டை உங்களைப் போன்ற விவசாயிகள் படிக்கத் தெரிந்திருப்பது மிக அவசியம் என்று நான் கருதுகிறேன். அணு நிறைகளைக் கூட்டினால் செம்பு 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, ஐந்து நீர் 90, ஆக மொத்தம் 249.5 வருகிறது. அதாவது நீங்கள் வாங்கிய ஒரு கிலோவில் செம்பு சுமார் 250 கிராம், நீர் சுமார் 360 கிராம். நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று ஒரு சதவீதப் போர்டோ கலவைக்குச் சொல்லப்படும் அளவு இந்த நீலப் படிகத்துக்கே உரியது. புள்ளியும் அதன் பின் வரும் பகுதியும் இல்லாமல் வெறும் 'சியூஎஸ்ஓ₄' என்று அச்சிட்ட நீரற்ற வெண்பொடி கைக்கு வந்தால் அதே எடையைப் போடாதீர்கள். ஒரு கிலோ நீலப் படிகத்தில் உள்ள செம்பு, ஏறத்தாழ 640 கிராம் வெண்பொடியிலேயே இருக்கும்.