ஐரிஷ் திகில் நாவல்களில் தேவதைகள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

சிறகு வைத்த குட்டி தேவதைகளை மறந்துவிடுங்கள். அயர்லாந்து கிராமத்து நம்பிக்கையில் இவர்கள் பழைய வட்ட மண்மேடுகளுக்கு அடியில் வாழும் கூட்டம். பிடித்த ஆளைக் கொண்டுபோய்விட்டு, அதே முகச்சாயலில் நோஞ்சானாக ஒன்றை வீட்டில் விட்டுவிடுவார்கள். அப்புறம் பக்கத்தில் படுத்திருப்பது மனைவிதானா என்ற சந்தேகம் ஆளைத் தின்னத் தொடங்கும். நல்ல நாவலாசிரியர் வந்திருப்பது யார் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லமாட்டார். எனக்குப் பேய் உருவங்களைவிட இதுதான் நடுக்கம் தருகிறது.

1895-ல் டிப்பரரி பகுதியின் பாலிவாட்லி கிராமத்தில் இது நிஜமாகவே நடந்தது. பிரிட்ஜெட் கிளியரி என்ற தையல்காரப் பெண் நோயில் படுத்தார். வந்திருப்பது தன் மனைவியே இல்லை என்று கணவர் மைக்கேல் முடிவுகட்டினார். உறவினர்கள் கட்டிலில் அமுக்கிப் பிடிக்க, பாலில் காய்ச்சிய மூலிகையைப் புகட்டி, "நீ பிரிட்ஜெட்தானா?" என்று கடவுள் பெயரால் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் ஆமாம் என்று சொல்லியும் பயனில்லை. மறுநாள் இரவு மைக்கேல் அவரை எரித்தே கொன்றுவிட்டார். பிறகு, உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று நம்பி மண்மேட்டருகே இரவில் காத்திருந்தார். நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு தண்டனை விதித்தது.