ஆதாரம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது

கேள்வி: மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு மூலம், அதே பெயருள்ள ஜெர்மன் கோட்டையில் பிறந்த ரசவாதி டிப்பல்தான் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: யோகான் கான்ராட் டிப்பல் 1673இல் டார்ம்ஸ்டாட் அருகே அந்தக் கோட்டையில் பிறந்தது உண்மை. ஆனால் மேரி அவரைக் கேள்விப்பட்டிருந்தார் என்பதற்கு அவருடைய நாட்குறிப்பிலோ கடிதங்களிலோ ஒரு வரிகூடக் கிடையாது. 1814இல் அந்தப் பக்கமாக ரைன் நதி வழியாகப் பயணம் செய்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு கட்டிய கதை.

இந்தக் கதை பரவுவதில் எனக்கு வருத்தம் உண்டு. ரசவாதிகளின் பெயரை மேரி ஒளித்தா வைத்தார்? பிண உறுப்புகளை வைத்து ஓர் உயிரை உருவாக்கி, அதனாலேயே குடும்பத்தை இழக்கும் நாவலின் நாயகன் விக்டர் 13 வயதில் கையில் எடுப்பது கொர்னேலியஸ் அக்ரிப்பாவின் நூல். அப்புறம் பாராசெல்சஸ், ஆல்பெர்டஸ் மேக்னஸ். அக்ரிப்பாவின் புத்தகத்தைப் பார்த்த அப்பா, குப்பை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார். அது ஏன் பொய்த்துப்போன கொள்கை என்று அன்றே பொறுமையாக விளக்கியிருந்தால் இந்த அழிவு வந்திருக்காதோ என்று விக்டர் பின்னால் வேதனைப்படுகிறான்.

இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் கிரெம்ப் என்ற பேராசிரியரும் அந்த நூல்களை ஏளனம் செய்கிறார், விக்டர் மசியவில்லை. வால்ட்மன் என்ற இன்னொரு பேராசிரியர் மட்டும், இன்றைய அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர்கள் அவர்கள்தான் என்று மரியாதையோடு பேசுகிறார். அவரிடம்தான் விக்டர் வேதியியலுக்கு வருகிறான். சாவை வெல்லும் பழைய ஆசை அப்படியே இருக்க, கையில் புதிய கருவிகள். நாவலின் பயங்கரமே இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. கோட்டைக் கதையைப் பிடித்துக்கொண்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

மேரிக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவருடைய வீட்டைப் பாருங்கள். கணவர் பெர்சி ஷெல்லி இளம் வயதிலேயே, சாகாவரம் தரும் மருந்தை வைத்து 'செயின்ட் இர்வின்' என்ற காதிக் (திகிலும் மர்மமும் கலந்த) நாவல் எழுதியவர். அதற்கும் முன்னால், 1799இல், 'செயின்ட் லியோன்' வந்தது. அதில் ஒருவனுக்குப் பொன் செய்யும் ரகசியமும் மூப்பில்லாத வாழ்வும் கிடைக்கின்றன. குடும்பம் சிதறுகிறது. இளைஞனாக மாறி வந்து நிற்பவனைப் பெற்ற மகனுக்கே அடையாளம் தெரிவதில்லை. எல்லோரையும் மறைத்து ஒருவன் ரகசியத்தைத் தேடுவதும், அதற்கான விலையை அவன் குடும்பம் கொடுப்பதும் விக்டரின் கதையிலும் அப்படியே நடக்கின்றன. 'செயின்ட் லியோன்' எழுதியவர் வில்லியம் காட்வின், மேரியின் அப்பா. 1818இல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' முதல் பதிப்பு அவருக்குத்தான் சமர்ப்பணம்.