கப்பலிலிருந்து கரைக்கு வரும் மின்சாரம்: பணம் போடலாமா?

இருபத்தாறு வருஷம் கப்பல் இன்ஜின் ரூமில் இருந்தேன், கடைசி ஒன்பது வருஷம் சீஃப் இன்ஜினியராக. இப்போது பட்டர்வொர்த்தில் ஓய்வு. கப்பலில் ஓடும் அணு ரியாக்டரைச் சின்னதாக்கிக் கண்டெய்னரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறார்கள், இப்போதே பங்கு வாங்கு என்ற பேச்சு கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் காதில் விழுகிறது. அதனால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். முதலீட்டு ஆலோசகர் உரிமம் என்னிடம் இல்லை, நான் பேசுவது இயந்திரத்தையும் அதன் கணக்கையும் பற்றி.

பிறையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, இது உண்மையா, கதையா?

உண்மைதான் தம்பி, புதுசும் இல்லை. 1929 கடைசியில் அமெரிக்காவின் டக்கோமா நகரத்தில் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, லெக்ஸிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் துறைமுகத்தில் கட்டி, அதன் ஜெனரேட்டரிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஊருக்குக் கரண்ட் கொடுத்தார்கள். 1968 முதல் சில வருஷம் ஸ்டர்ஜிஸ் என்ற பழைய சரக்குக் கப்பலில் 10 மெகாவாட் ரியாக்டரை வைத்து பனாமா கால்வாய்ப் பகுதிக்கு மின்சாரம் தந்தார்கள். இன்றைக்கு ரஷ்யாவின் வடகோடியில் பெவெக் ஊரில் அக்கடமிக் லொமொனோசோவ் என்ற மிதக்கும் நிலையம் ஓடுகிறது. ஐஸ் உடைக்கும் கப்பல்களின் ரியாக்டர் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு, ஒவ்வொன்றும் 35 மெகாவாட். ஆனால் ஒன்றைக் கவனி, கட்ட ஆரம்பித்தது 2007, வணிக ரீதியில் ஓட ஆரம்பித்தது 2020. பதின்மூன்று வருஷம் உன் பணம் சும்மா கிடக்கத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியை: அமெரிக்கக் கடற்படை 1955 முதல் அணுசக்தி நீர்மூழ்கி ஓட்டுகிறதே, அப்படியானால் கரையில் இது ஏன் இன்னும் மலிவாகவில்லை ஐயா?

டீச்சர், எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கப்பலில் நாங்கள் ஒரு யூனிட் கரண்ட் என்ன விலை என்று முதலில் பார்ப்பதில்லை. இடம் போதுமா, நடுக்கடலில் நின்றுவிடாமல் இருக்குமா, அதுதான் முதல் கணக்கு. கடற்படைக்கு இன்னும் அப்படி. அமெரிக்க நீர்மூழ்கியில் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டிய, அதாவது எரியக்கூடிய பங்கைக் கூட்டிய, யுரேனியம் போடுகிறார்கள், புதிய வகைகள் முப்பது வருஷத்துக்கும் மேல் எரிபொருள் மாற்றாமல் ஓடும். அது குண்டு செய்யக்கூடிய சரக்கு, எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அதை விற்கமாட்டார்கள். சாதாரண அணுமின் நிலையத்தில் 3 முதல் 5 விழுக்காடு. கண்டெய்னரில் அடங்கும் சின்ன ரியாக்டர்கள் பலவற்றுக்கு 20-க்குச் சற்றுக் கீழே வேண்டும், அந்த எரிபொருளை வணிக ரீதியில் விற்றது ரொம்ப நாளாக ரஷ்யா ஒன்றுதான். அமெரிக்காவில் சென்ட்ரஸ் நிறுவனம் 2023 நவம்பரில் முதல் 20 கிலோவைக் கொடுத்தபோது அதையே பெரிய செய்தியாக்கினார்கள் என்றால் நிலைமையைப் பாருங்கள்.

சவான்னா என்ற கப்பலை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். 1962-ல் ஓட ஆரம்பித்த அணுசக்தி வணிகக் கப்பல், இயந்திரம் அருமையாக வேலை செய்தது. ஆனால் சரக்கு ஏற்ற இடம் குறைவு, ஆட்கள் கூடுதல், அவர்களுக்குத் தனிப் பயிற்சி வேறு. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் கணக்குப் புத்தகம் ஒத்துவரவில்லை, பத்து வருஷம்கூட ஆகாமல் கட்டி நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் ஓடுவது வேறு, போட்ட முதல் திரும்புவது வேறு.

பெட்டாலிங் ஜெயா, 34 வயது: பங்குச் சந்தையில் உள்ளவற்றில் எதைப் பார்க்கலாம்?

இதை வாங்கு, அதை வாங்கு என்று சொல்லமாட்டேன். எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். ஒரு பக்கம், கடற்படை ரியாக்டர் செய்து ஏற்கெனவே சம்பாதிப்பவர்கள்: அமெரிக்காவில் பிடபிள்யூஎக்ஸ்டி, பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸ். அமெரிக்க ராணுவத்துக்காக, கண்டெய்னர்களில் ஏற்றிப் போகக்கூடிய 1 முதல் 5 மெகாவாட் ரியாக்டர் செய்யும் வேலை, புராஜெக்ட் பீலே, 2022-ல் பிடபிள்யூஎக்ஸ்டிக்குத்தான் கிடைத்தது. அதிலும் ஒரு விஷயம், நீர்மூழ்கியில் இருப்பது அழுத்தத்தில் வைத்த நீரால் குளிரூட்டும் ரியாக்டர், பீலே வாயுவால் குளிரூட்டுவது. கப்பலிலிருந்து வருவது இயந்திரம் இல்லை, அதைச் செய்த கைகளின் அனுபவம். ரோல்ஸ் ராய்ஸின் கரைத்திட்டமோ 470 மெகாவாட், அதை யாரும் லாரியில் ஏற்ற முடியாது.

இன்னொரு பக்கம், வருங்காலத்தை விற்பவர்கள். சின்ன ரியாக்டர் வடிவமைக்கும் நுஸ்கேல் நிறுவனம் யூட்டா மாநில மின்வாரியங்களோடு போட்ட திட்டத்தில் ஒரு யூனிட் 5.8 சென்ட் என்றிருந்த விலை 2023 ஜனவரியில் 8.9 ஆனது, நவம்பரில் திட்டமே ரத்து. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புக்கு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதே ஜனவரியில்தான் சான்று தந்திருந்தது. அதே துறையில் உள்ள ஓக்லோ நிறுவனத்தின் முதல் விண்ணப்பத்தை அதே ஆணையம் 2022-ல் நிராகரித்தது. இவர்கள் தோற்றுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பங்கு விலை ஏறும்போது, கையெழுத்தான ஆர்டர் எத்தனை, எரிபொருள் யார் தருகிறார்கள், உரிமம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்த மூன்றையும் ஆண்டறிக்கையில் தேடிப் படி.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் அக்கா: தெரிந்தவர் ஒருவர் இந்த மாதிரிக் கம்பெனியில் "ஆரம்பப் பங்கு" தருகிறார், 10,000 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 2 விழுக்காடு உறுதியாம். போடலாமா?

போடாதீர்கள் அக்கா. ரியாக்டர் கட்டும் கம்பெனி முதல் யூனிட் விற்கவே பல வருஷம் ஆகும், அடுத்த மாதமே உங்களுக்குக் கொடுக்க அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? உங்களுக்குப் பின்னால் சேருகிறவரின் பணத்திலிருந்துதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, உரிமம் பெற்றவர்களின் பதிவேடும் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள். என் பெரியப்பா மகன் 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தை இப்படி ஒரு "கடலலை மின்சாரம்" கம்பெனியில் போட்டார். மூன்று மாதம் வந்தது, நான்காவது மாதம் ஆபீஸ் பூட்டு. அவர் இன்றைக்கும் லாரி ஓட்டுகிறார், 63 வயதில்.

ஈப்போவிலிருந்து: நம் நாட்டுக்கு இது வருமா?

பதின்மூன்றாவது மலேசிய ஐந்தாண்டுத் திட்டத்தில் அணுசக்தியைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போதைக்கு நம்மிடம் ஓடுவது சிலாங்கூரின் பாங்கி ஊரில் 1982 முதல் இருக்கும் 1 மெகாவாட் ஆராய்ச்சி ரியாக்டர் மட்டும். 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் ரியாக்டர் வைக்க முடியாது, அதனால் "அடுத்த வருஷம் பினாங்கில் நம்ம யூனிட்" என்று யாராவது சொன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை இன்ஜினியர்: அமெரிக்கப் பங்கு வாங்கினால் வரி?

டிவிடெண்டில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள், அதைக் குறைக்க நமக்கு ஒப்பந்தம் கிடையாது. நிறையப் பேர் கவனிக்காதது வாரிசு வரி. கையில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு இருக்கும்போது ஒருவர் இறந்துபோனால், மிச்சத்துக்கு 40 விழுக்காடு வரை போகலாம். பெரிய தொகை என்றால் வீட்டில் மனைவியிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

நிபோங் திபால்: உங்கள் பணம் இதில் இருக்கிறதா ஐயா?

இருக்கிறது, சேமிப்பில் இருபதில் ஒரு பங்கு. கடற்படை ஆர்டரில் ஏற்கெனவே லாபம் பார்க்கும் கம்பெனியில் மட்டும், பத்து வருஷம் தொடவேண்டாம் என்று நினைத்துப் போட்டது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியது சேமநிதியிலேயே இருக்கிறது, அதை எடுக்கவில்லை.