வரைகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பான். நோட்டு ஓரமெல்லாம் குதிரைகள்தான். போன மாதம் கணக்கு நோட்டில் படம் இருந்த பக்கத்தை ஆசிரியை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறான். வேலையை விட்டுவிட்டு அவனை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் தயங்குகிறார். ஜெயகாந்தனும் தாகூரும் பள்ளியில் படித்தா வளர்ந்தார்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வயிற்று வலி. அதை நடிப்பு என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, இந்த வாரமே தலைமையாசிரியரைப் பாருங்கள். அவனுக்காக நீங்கள் போய்ப் பேசினீர்கள் என்பது அவனுக்குத் தெரியவேண்டும். பேசியும் பயனில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். ஆனால் ஓர் ஆசிரியை மேல் வந்த கோபத்தில் பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள்.

ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், உண்மை. ஆனால் அவர் வீட்டில் இருந்து படித்தவர் அல்ல. சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு வாழ்ந்து, அச்சகத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர். இலக்கியமும் அரசியலும் ஓயாமல் பேசிய பெரியவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். அவர் விட்ட வகுப்பறையைவிடப் பல மடங்கு பெரிய உலகம் அது. நம் வீட்டு வரவேற்பறையில் அதை உண்டாக்க முடியாது.

தாகூரின் கதை இன்னும் நுட்பமானது. பள்ளிகளில் ஒட்டாமல் வீட்டு ஆசிரியர்களிடம் படித்தவர்தான். ஆனால் கல்கத்தாவில் குடும்பத்தின் ஜொராசங்கோ வீட்டில் அண்ணன்மார் நாடகம் எழுதினார்கள், இசையமைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். பின்னாளில் குடும்ப ஜமீன் இருந்த ஷிலைதாவில் தன் பிள்ளைகளையும் அவர் வீட்டில் வைத்தே படிக்கவைத்தார். அதன் பிறகு 1901-ல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் மாணவர்கள் ஐந்து பேர். ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பள்ளியால் அவ்வளவு வதைபட்டவர், வீட்டுக்கல்வியையும் செய்து பார்த்தவர், கடைசியில் பள்ளி கட்டினார் என்பதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

வரைகிற பிள்ளைக்கு மூன்று பேர் வேண்டும்: கேலி செய்யவும் வியக்கவும் தன் வயதுத் தோழன், வரைவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர், தொந்தரவு செய்யாத அம்மா. வீட்டுக்கல்வியில் முதல் இரண்டு பேரையும் நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும். மூன்றாமவர் காணாமல் போய்விடக்கூடும். பள்ளி ஆசிரியையின் கோபம் நாலு மணியோடு முடிந்துவிடும். அம்மாவே ஆசிரியையாகிவிட்டால் பிள்ளைக்கு மணியடிப்பதே இல்லை. வீட்டில் படித்து அருமையாக வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோர் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தவர்கள்.

உங்கள் மகனின் மாலைகள் எப்படிப் போகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. டியூஷன், அபாகஸ், இந்தி வகுப்பு என்று இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஓவிய வகுப்பு என்ற பெயரில் அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் இடமென்றால் அதையும்தான். நான்காம் வகுப்பு மதிப்பெண்ணை எங்கும் கேட்கப்போவதில்லை. குதிரை வரைகிறவனை ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்களா? பவானியில் ஜமக்காளம் நெய்கிற தறிக்குப் பக்கத்தில் அரைநாள் உட்காரவைத்திருக்கிறீர்களா? சுவரில் விளம்பரம் எழுதும் ஓவியர் யாராவது உங்கள் பகுதியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் அனுப்புங்கள். இதற்கெல்லாம் நீங்கள் வேலையை விட வேண்டியதில்லை.

இந்த ஆண்டு இப்படிப் போகட்டும். வேறு பள்ளியிலும் அவன் வாடினான் என்றால் வீட்டுக்கல்விக்கு நானே ஆதரவு. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அந்த நிலை வந்தால் எழுதுங்கள். பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் சில பெற்றோரை, அவர்கள் சம்மதத்தோடு, உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.