பரணில் இருக்கும் துப்பாக்கி: கேள்வி பதில்

பிள்ளைகளைத் துப்பாக்கி ஆபத்திலிருந்து காப்பது பற்றி மதுரை வாசகர்கள் கேட்டவற்றுக்கு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (நத்தம் பக்கத்து விவசாயி): காட்டுப்பன்றிக்காக எங்கள் ஊரில் சில வீடுகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. அதைச் செருகி வைத்த பரணருகில்தான் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். காவல் நிலையத்தில் சொன்னால் பங்காளிப் பகை வந்துவிடும். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் இதைச் சொல்லி மிரட்டினால் துப்பாக்கி வீட்டை விட்டுப் போகாது. பரணிலிருந்து வைக்கோற்போருக்கு இடம் மாறும், அவ்வளவுதான். குழல் வாய் வழியே கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் இடித்துத் திணிக்கும் அந்தத் துப்பாக்கியில் மருந்து திணித்திருக்கிறதா, காலியா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது என்பதால், அது எங்கே இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஆபத்துதான்.

பன்றியை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் பேசினால் ஊரில் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆகவே, பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தர வேண்டும், பன்றிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையையும், துப்பாக்கிகளை ஒப்படைப்போம் என்ற முடிவையும் ஒரே தீர்மானமாகக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. யார் வீட்டில் இருக்கிறது என்று அங்கே எவர் பெயரையும் எடுக்க வேண்டாம். தானாக ஒப்படைப்பவர்மீது வழக்கு இல்லை என்று காவல்துறை கெடு அறிவித்து, துப்பாக்கிகளை ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகச் செய்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடந்திருக்கிறது. அந்த உறுதியை அதிகாரிகளிடம் முதலில் பெற்றுக்கொண்டு, பிறகே ஊராரிடம் சொல்லுங்கள். முறை மாறினால் உங்களை நம்பி வந்தவர்தான் நீதிமன்றப் படி ஏறுவார்.

கேள்வி (மேலூர் ஆசிரியை): உரிமம் பெற்ற இடங்களிலாவது பயமின்றி இருக்கலாமா?

பதில்: புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, அருகிலிருந்த துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது, சில நாள்களில் அவன் இறந்தான். அது அரசின் தளம். ஊர் மக்கள் மறியலில் இறங்கிய பிறகே அங்கே சுடுவது நின்றது.

கேள்வி (கே.கே.நகர்): மகள் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறாள். பேரன் நண்பர்கள் வீட்டுக்குப் போய் விளையாடுகிறான். அவர்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாதா?

பதில்: ஆகாதம்மா. ‘நாய் இருக்கிறதா, கடிக்குமா’ என்று நாம் கேட்பது போலத்தான் அதுவும். துப்பாக்கி பூட்டியிருக்கிறதா, தோட்டா தனியாக இருக்கிறதா என்று கேட்கும்படி அங்குள்ள குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். 2020 முதல் அந்நாட்டில் சிறார் மரணங்களுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். மிச்சிகனிலேயே, 2021இல் ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சிறுவனின் தாய் தந்தைக்கு 2024இல் 10 முதல் 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. சிறார் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு அங்கே நடைமுறைக்கு வந்தது.

கேள்வி (கல்லூரி மாணவர், திருமங்கலம்): கையெழுத்து வாங்கி எந்தச் சட்டமாவது மாறியிருக்கிறதா?

பதில்: ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச் 13 அன்று 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்பருவத்தில் பூக்கும் ஒரு வெள்ளைப் பூவின் பெயரைத் தம் இயக்கத்துக்குச் சூட்டிய உள்ளூர்த் தாய்மார்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். 1997இல் வந்த இரண்டு சட்டங்களால் பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முழுதாகத் தடை செய்யப்பட்டது. அவர்கள் கேட்டவை சிலவே, அவையும் தெளிவானவை. உங்கள் மனுவில் பதினைந்து கோரிக்கைகளை அடுக்காதீர்கள்.