மிகல்கோவை எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் ஆறு ஞாயிறு மாலைகளை ரஷ்ய இயக்குநர் நிகிதா மிகல்கோவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நடிகராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர் என்பதால் எதை விடுவது, எதைப் போடுவது என்று தெரியவில்லை. ஒரே படத்துக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு நீளம் போட்டிருக்கிறது, எது முழுப்படம்? அவருடைய அரசியலைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: ஆஸ்கர் வாங்கிய 'பர்ன்ட் பை த சன்' படத்தை முதல் வாரமே போட்டுவிடாதீர்கள். மிகல்கோவ் அடிப்படையில் நடிகர். தன் படங்களில் தனக்கு என்ன வேடம் கொடுத்துக்கொண்டார் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய வாழ்க்கை முழுவதும் தானாக வரிசைப்படும். சோவியத் காலத்தில் அவர் தனக்கு எடுத்துக்கொண்டவை கொள்ளைக்கூட்டத் தலைவன், குடிகார டாக்டர், ஓட்டல் சர்வர் போன்ற ஓர வேடங்கள். 1990களிலிருந்து படைத்தளபதி, ஜார் மன்னர், ஜூரிகளின் தலைவர். சர்வரிலிருந்து ஜார் வரைக்கும் உள்ள இந்தத் தூரத்தை உங்கள் ஆறு வாரமும் காட்டினால் போதும்.

முதல் வாரம் அவர் இயக்காத படம்: கியோர்கி தனேலியா 1963இல் எடுத்த 'மாஸ்கோவில் நடக்கிறேன்'. 1945 அக்டோபர் 21இல் பிறந்த மிகல்கோவுக்கு அப்போது பதினெட்டு வயது. கோல்கா என்ற மெட்ரோ கட்டுமானத் தொழிலாளியாக வருகிறார். கடைசியில் மெட்ரோ நிலையத்தில் பாடிக்கொண்டே போகும் காட்சியால் நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். ஒன்றரை மணிக்கும் குறைவான படம் என்பதால் மீதி நேரத்தில் அறிமுகம் பேசலாம். ஷூகின் நாடகப் பள்ளியில் மாணவர்கள் சினிமாவில் நடிக்கக் கூடாது. அந்த விதியை மீறி அங்கிருந்து வெளியேறி, மாஸ்கோவின் அரசுத் திரைப்படக் கல்லூரியில் மிகயீல் ரோம் என்ற பெரிய இயக்குநரிடம் இயக்கம் படித்தார் என்பதை அங்கே சொல்லிவிடுங்கள்.

அறிமுகத்தில் குழப்பம் வரும் இடம் குடும்பப் பெயர். அப்பா செர்கேய் மிகல்கோவ் குழந்தைக் கவிஞர். சோவியத் தேசிய கீதத்தின் வரிகளை எழுதியவர்களில் ஒருவர், பிறகு ரஷ்யாவின் இன்றைய கீதத்துக்கும் அவரே வரிகளைத் திருத்தி எழுதினார். அம்மா நதாலியா கொன்சலோவ்ஸ்கயா, ஓவியர் வசீலி சூரிகோவின் பேத்தி. அண்ணன் ஆந்த்ரேய், தாய்வழிப் பெயரை வைத்துக்கொண்டு கொன்சலோவ்ஸ்கி என்ற பெயரில் படமெடுத்தவர். 'சைபீரியாட்' அண்ணனுடைய படம், தம்பி அதில் நடிகர் மட்டும். இணையத்தில் தம்பியின் பட்டியலோடு சேர்ந்து அது வந்து நிற்பதுண்டு; அறிவிப்பில் இயக்குநர் பெயரைப் போடும் முன் சரிபாருங்கள்.

இரண்டாம் வாரம் 'இயந்திரப் பியானோவுக்கான முடிவுறாத இசைத்துண்டு', 1977, 103 நிமிடம். செகாவ் இளவயதில் எழுதிவைத்து, அவர் இறந்து வெகுகாலம் கழித்து 1923இல் அச்சான நாடகம் இதற்கு மூலம். கிராமத்துப் பங்களா ஒன்றில் ஒரு நாள் கூடும் பழைய நண்பர்கள். எல்லாருமே வாழ்க்கையை எங்கோ தவறவிட்டவர்கள். நாயகன் பிளத்தோனவ், அலெக்சாந்தர் கல்யாகின். சாகலாம் என்று ஓடிப்போய் ஆற்றில் குதிக்கிறான், தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. மிகல்கோவின் வேடம், நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கெஞ்சியும் எழுந்து போகாத டாக்டர் த்ரிலெத்ஸ்கி. சான் செபஸ்தியான் விழாவின் முதல் பரிசு இதற்குக் கிடைத்தது. கலை இயக்கத்துக்கும் எழுத்துக்கும் அலெக்சாந்தர் அதபஷ்யான், ஒளிப்பதிவு பாவெல் லெபெஷெவ், இசை எதுவார்த் அர்த்தேமியெவ்: இந்த மூன்று பெயரையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள், திரும்பத் திரும்ப வரும். எங்கள் கணிப்பில் அவருடைய ஆகச்சிறந்த படம் இதுதான், ஆஸ்கர் படமல்ல. வராதவர்களுக்காக இன்னொரு முறை போட நேர்ந்தால் இதைப் போடுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு 'அப்லோமவ்' என்று பலர் சொல்வார்கள். நல்ல படம்தான், இரண்டேகால் மணிக்கு மேல் நீளும், கன்சரோவின் நாவல் தெரியாதவர்களுக்குச் சற்று இழுக்கும். அதற்குப் பதிலாக 'ஐந்து மாலைகள்' போடலாம். பனிக்காலக் காட்சிகளுக்காக 'அப்லோமவ்' படப்பிடிப்பு நின்ற இடைவெளியில், அதே குழுவை வைத்து ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்த படம் இது. பெரும்பாலும் ஒரே வீடு. போரில் பிரிந்து பல வருடம் கழித்துச் சந்திக்கும் ஆணும் பெண்ணும், ஸ்தனிஸ்லாவ் லூப்ஷினும் லூத்மிலா குர்சென்கோவும். ப்ரொஜெக்டரைக் கையாள்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: படம் முழுக்கப் பழுப்பேறிய கறுப்பு வெள்ளையில் ஓடி, கடைசியில்தான் வண்ணம் எட்டிப்பார்க்கும். கேபிள் பழுது என்று நினைத்து யாராவது வண்ண அமைப்பைத் திருகினால் படத்தின் முடிவே போய்விடும்.

நான்காம் வாரம் 'உர்கா', 1991, வெனிஸ் விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. சீனாவின் உள் மங்கோலியப் புல்வெளியில் வாழும் கோம்போ, அவன் மனைவி பக்மா, லாரி பழுதாகி அவர்களிடம் வந்து சேரும் ரஷ்ய ஓட்டுநர் செர்கேய். மூன்று பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பதால் நகரத்துக்குப் போய் ஆணுறை வாங்கிவரச் சொல்கிறாள் மனைவி. அவன் கூச்சப்பட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு திரும்புகிறான். உர்கா என்பது குதிரை பிடிக்கும் சுருக்குக்கயிறு கட்டிய நீளக் கழி. அதைப் புல்லில் நட்டுவைத்தால் அங்கே கணவன் மனைவி தனித்திருக்கிறார்கள், யாரும் வராதீர்கள் என்று அர்த்தம். இது தெரியாமல் உட்கார்ந்தால் முதல் காட்சியே புரியாது.

இந்தப் படத்தில்தான் பிரதி வாங்குவதில் அதிகம் ஏமாறுவார்கள். ஒன்று, ரஷ்ய வெளியீடுகளில் பிறமொழி வசனத்தின் மேல் ஒரே ஆணின் குரல் ரஷ்ய மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே போவது அங்கே பழைய வழக்கம். மங்கோலியனும் ரஷ்யனும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் பழகுவதுதான் 'உர்கா'வின் உயிர். அந்தக் குரல் மேலே ஏறினால் படம் செத்தது. மார்ச்செல்லோ மஸ்த்ரோயான்னி நடித்த இத்தாலியப் படம் 'கருவிழிகள்', ஆங்கிலம் நிறைய உள்ள 'சைபீரியாவின் முடிதிருத்துநர்' ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கோப்பு கைக்கு வந்ததும் பத்து நிமிடம் ஓட்டி, மூலக் குரல் தனித்தடமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, 'உர்கா' ஆங்கிலத்தில் 'க்ளோஸ் டு ஈடன்' என்ற பெயரில் வந்தது. சிட்னி லுமெட் எடுத்த ஒரு நியூயார்க் போலீஸ் கதையும் சில நாடுகளில் அதே பெயரில் வெளியானது. வேறு படம் வந்து நிற்காமலிருக்க இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

நீளத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு ஐந்தாம் வாரப் படமே உதாரணம். 'பர்ன்ட் பை த சன்' 1994இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீயைப் பகிர்ந்துகொண்டது. 1995இல் ஆஸ்கர் பெற்றது. ரஷ்யப் பதிப்பு 152 நிமிடம், வெளிநாடுகளில் ஓடியது 135 நிமிடம். இது உண்மையாகவே வெட்டப்பட்டது. ஆனால் 146 என்றோ 130 என்றோ போட்டிருந்தால் மேலும் வெட்டு விழுந்ததாக எண்ண வேண்டாம். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்காகத் தயாரித்த டிவிடிகள் அதை 25 ஃப்ரேமாக ஓட்டும். ஆகவே திரையரங்க நீளத்தை 0.96ஆல் பெருக்கினால் டிவிடி நீளம் வரும்: 152 என்பது 146 ஆகும், 135 என்பது 130 ஆகும், இயந்திரப் பியானோவின் 103 என்பது 99 ஆகும். கணக்கு ஒத்துவந்தால் முழுப்படம், ஒத்துவராவிட்டால்தான் கத்தரி. இதில் இன்னொரு நட்டம், சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் உயர்ந்துவிடும். இயந்திரப் பியானோவில் தொனிசெத்தியின் ஓப்பராப் பாடல் வருகிறது. காது பழகியவர்களுக்கு உறுத்தும். 24 ஃப்ரேம் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கதை நடப்பது 1936 கோடை. செஞ்சேனைத் தளபதி கோத்தவாக மிகல்கோவ். படத்திலும் மகளாக வருவது அவருடைய ஆறு வயது மகள் நாத்யா. மனைவியின் பழைய காதலன் மீத்யா வேடிக்கைக்காரனாக வீட்டுக்குள் நுழைகிறான், ஆனால் வந்திருப்பது இரகசியப் போலீஸ் வேலையாக. ஸ்தாலினின் களையெடுப்பு எதிரிகளை மட்டுமல்ல, நேற்றுவரை கொண்டாடிய வீரர்களையும் விழுங்கியது என்ற ஒரு வரியை மட்டும் முன்னால் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மீத்யாவும் த்மீத்ரியும் ஒரே ஆள், நாத்யாவும் நதேழ்தாவும் ஒரே ஆள் என்பதையும் சொல்லிவிட்டால் சப்டைட்டிலில் யாரும் தடுமாற மாட்டார்கள். முடிவில் எழுத்துகள் வரும்போது விளக்கைப் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது, யார் எந்த ஆண்டு சுடப்பட்டார் என்பது அங்கேதான் இருக்கிறது.

2010, 2011இல் வந்த இரண்டு தொடர்ச்சிப் படங்களைத் தவிர்த்துவிடலாம். அந்த எழுத்துகள் செத்ததாகச் சொன்னவர்களை உயிரோடு எழுப்பிப் போர்முனைக்கு அனுப்பின அவை. பெருஞ்செலவில் எடுத்து ரஷ்யாவிலேயே கவிழ்ந்தன. இரண்டாவதை ஆஸ்கருக்கு அனுப்பும் முடிவில் தேர்வுக்குழுத் தலைவரான இயக்குநர் விளாதீமிர் மென்ஷவ் கையெழுத்திட மறுத்தது அப்போது பெரிய செய்தி.

ஆறாம் வாரம் '12', 2007, 159 நிமிடம். சரியான நேரத்துக்குத் தொடங்காவிட்டால் அரங்கைப் பூட்டும் ஆள் வந்து நிற்பார். லுமெட்டின் 1957 படமான '12 ஆங்ரி மென்' கதையை எடுத்து, குற்றவாளிக் கூண்டில் ஒரு செச்சென் இளைஞனை வைத்து, ஜூரிகளைப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் அடைக்கிறார். அமெரிக்கப் படம் ஆதாரங்களைப் பிரித்துப் போடும். இங்கே ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி மனம் மாறுகிறார்கள். சட்டம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: ரஷ்யாவில் மூன்று மணி நேரத்தில் ஒருமித்த முடிவு வராவிட்டால் வாக்கெடுப்புதானே? ஆமாம், படம் அமெரிக்க விதியை அப்படியே வைத்துக்கொண்டது. ஜூரித் தலைவராக வரும் மிகல்கோவ் கடைசிவரை தன் கருத்தைச் சொல்வதில்லை. கடைசியில் சொல்வது: பையன் நிரபராதி என்று எனக்கு முதலிலேயே தெரியும், ஆனால் வெளியே விட்டால் அவனைக் கொன்றுவிடுவார்கள், காப்பாற்ற யார் தயார்? விவாதத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பாதுகாக்கும் பெரியவர் என்ற அந்த வேடம் திரைக்கு வெளியிலும் அவருக்குப் பிடித்த வேடம்.

அரசியல் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லலாம், மறைக்க வேண்டாம். 1990களின் கடைசியிலிருந்து ரஷ்யத் திரைக்கலைஞர் சங்கத்தின் தலைவர். புதின் மூன்றாம் முறையும் நீடிக்க வேண்டும் என்று 2007இல் வெளியான பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். உக்ரைன் மீதான போரை வெளிப்படையாக ஆதரிப்பவர். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அவர் மேல் தடை விதித்தது. 2015இல் கோவா திரைப்பட விழா வாழ்நாள் சாதனை விருது கொடுத்ததும் இவருக்குத்தான். ஸ்தாலின் காலத்தின் அச்சத்தை அவ்வளவு நுட்பமாக எடுத்தவர் எப்படி இந்தப் பக்கம் வந்தார் என்று கேட்பார்கள். முதல் வாரத்திலிருந்து வேடங்களைப் பார்த்துவந்தவர்களுக்கு அது அவ்வளவு திடீரென்று தெரியாது.

தயாரிப்பாளர் பக்கத்துக்கு ஒரு வாரம் செலவிட வேண்டாம், பத்து நிமிடம் போதும். 1980களின் கடைசியில் தொடங்கிய 'த்ரி தே' ஸ்டுடியோவின் பெயர், ரஷ்ய மொழியில் 'த' வரிசையில் தொடங்கும் மூன்று சொற்கள்: படைப்பு, தோழமை, உழைப்பு. அவருடைய சொந்தப் படங்களைவிடப் பிறர் இயக்கியவையே அதற்குப் பணம் கொண்டுவந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தைப் பற்றிய 2017ஆம் ஆண்டுப் படம் சுமார் 300 கோடி ரூபிள் வசூலித்து அன்றைய ரஷ்யச் சாதனையானது.

கடைசியாக அனுமதி. மாஸ்கோவின் பழைய அரசுத் திரைப்பட ஸ்டுடியோவான மோஸ்ஃபிலிம் தன் யூடியூப் சேனலில் பழைய படங்கள் பலவற்றை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டில் பார்க்க அது போதும், அரங்கில் போடுவதற்கு அது அனுமதியாகாது. சோவியத் காலத்து மூன்றுக்கும் மோஸ்ஃபிலிமுக்கு எழுதுங்கள். 'உர்கா'வுக்கும் 1994 படத்துக்கும் பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பாளரான கேமரா ஒன்னையும் கேட்க வேண்டியிருக்கும். தேதி, இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா ஆகிய மூன்றும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் அதைக் கேட்டே ஒரு பதில் வரும், நாள் போகும். சென்னைக்காரர்களாக இருந்தால் கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்ய இல்லத்தில் முதலில் விசாரியுங்கள்.